தோளில் ஏறிய மேனேஜர்

அந்த ஆளை எங்கள் டீமுக்கு மேனேஜராகப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். செய்தியைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்று தெருவைப் பார்த்துக் காறித் துப்பினார். துப்பிய வேகத்தைப் பார்த்து, யாரோ சொந்தத்தில் செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். செத்திருந்தால்கூடத் தேவலை என்றார். விஷயத்தைச் சொன்னார். எனக்கும் வாயில் எச்சில் ஊறியது. பெண்பிள்ளை என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

எங்கள் டீம் என்றால் பூப்பந்து டீம். மஞ்சள் கம்பளி நூலில் உருட்டிய பந்து, கையில் பேட்டு, நடுவில் வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். யுத்தம் முடிந்தும், சர்க்கார் நூலை அளந்து கொடுக்கிற கண்ட்ரோல் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவுத் தெருக்காரர்களுக்குச் சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் ஆம்பளைகள் தெருக்கோடிப் பொட்டலுக்கு ஓடுவார்கள். நாங்கள் பெண்கள் கருவேல மரத்தடியில் கூடி நின்று பார்ப்போம். நிழல் என்று பேர்தான், தலையில் பாதிக்கு வெயில் அடிக்கும். எங்களுக்கு வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். எதிர் டீமைத் திட்டுவதற்கு மட்டும் இரண்டும்.

அந்த ஐந்து பேரில் நடுவில் நின்று ஆடுகிறவன் என் அண்ணன். பெருமைக்குச் சொல்லவில்லை, பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னதுதான். தறிக்குழியில் உட்கார்ந்து, குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவை இழுத்து இழுத்து உரம் ஏறிய கை. முன்னால் விழுகிற பந்தையும் எடுப்பான், பின்னால் போகிற பந்தையும் எடுப்பான். தறிக்காரனாக அவனுக்கு ஊரில் ஒரு மரியாதையும் கிடையாது. கூலிக்கு நெய்கிறவன்தானே, முதலாளி வீட்டு வாசலில் துணியை வைத்துக்கொண்டு கால் கடுக்க நிற்பான். பொட்டலில் இறங்கினால் அதே முதலாளி மரத்தடியில் எழுந்து நின்று கை தட்டுவார்.

இனி அந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் திருச்சுழி டீமுக்கு மேனேஜராக இருந்தவர். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். வெள்ளைக் கான்வாஸ் பூட்ஸ், கழுத்தில் விசில், கக்கத்தில் குடை. முந்தின வருஷம் திருச்சுழியில் திருவிழாவை ஒட்டி நடந்த பந்தயத்தில் கடைசி ஆட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும். எங்கள் டீம் ஜெயிக்கிற நிலைமை. பொழுது சாய்கிற நேரம் பார்த்து இந்த மனுஷன் குடையை மடக்கிக்கொண்டு அம்பயரிடம் போனார். வெளிச்சம் போய்விட்டது, பந்து கண்ணுக்குத் தெரியவில்லை, மிச்சத்தை நாளை விடியக்காலை ஆடலாம் என்றார். அம்பயரும் தலையை ஆட்டிவிட்டார்.

மறுநாள் விடியலில் அண்ணனுக்குப் பாவு. பாவு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாக்கு நூலை எல்லாம் தெரு நீளத்துக்கு விரித்து, கவட்டைக் கம்புகளின் மேல் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நார் பிரஷ்ஷால் நீவி நீவிக் காயவைக்க வேண்டும். காற்று எழுந்துவிட்டால் இழை சிக்கும், வெயில் ஏறிவிட்டால் கஞ்சி இறுகி இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அதனால் விடியலில்தான் செய்ய முடியும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலையும் இல்லை. இன்று உன் பாவுக்கு நான் கை கொடுக்கிறேன், நாளை என் பாவுக்கு நீ வா என்று தெருவே முறை வைத்து நடத்தும். முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும் வரை தறி சும்மா கிடக்கும். அண்ணன் அன்று ராத்திரியே ஊர் திரும்பினான். மறுநாள் அவன் இல்லாமல் ஆடிய எங்கள் டீம் தோற்றது. கப்பு திருச்சுழியில் தங்கிவிட்டது.

எங்களுக்கு விடிகாலையில்தான் பாவு என்பது தெரிந்தே அந்த ஆள் அப்படிச் செய்தார் என்று தெரு முழுக்க நம்பியது. ஒரு வருஷம் முழுக்க அவரைத் திட்டியே தறி ஓட்டினார்கள். குழந்தை சோறு தின்ன அடம் பிடித்தால் அவரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று பயம் காட்டினார்கள். அப்பேர்ப்பட்டவரைத்தான் டீமை வைத்து நடத்திய நூல் வியாபாரி, டீமுக்குத் தலைவர் அவர்தான், ஒரு வார்த்தை யாரையும் கேட்காமல் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பழைய மேனேஜர் எங்கள் தெருப் பெரியவர், நல்ல மனுஷன். அவர் கேட்டாராம், என்னிடம் என்ன குறை என்று. உங்களிடம் ஒரு குறையும் இல்லை, கப்புத்தான் இல்லை என்றாராம் தலைவர்.

தெரு கொந்தளித்தது என்று சொன்னால் போதாது. ஒருவர் அந்த மேனேஜர் போகிறவரை முகம் மழிக்க மாட்டேன் என்றார். இன்னொருவர் டீமுக்காகத் தானே நெய்து கொடுத்த பச்சைக் கொடியைப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, இதில் இனி தறிக்குழி துடைப்பேன் என்றார். உடனே துடைக்கவும் செய்தார். பாவம் நல்ல கொடி. எல்லாருக்கும் முன்னால் நின்றவர் என் வீட்டுக்காரர். ஒரு நாளும் பேட்டைத் தொட்டு ஆடினவர் இல்லை. ஆனால் எந்தப் பந்தை எப்படி அடித்திருக்க வேண்டும் என்று சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மன் கோயில் வாசலில் கூட்டம் கூட்டி, அந்த ஆள் மேனேஜராக இருக்கிற வரை நம் தெருவிலிருந்து யாரும் ஆட்டம் பார்க்கப் போகக்கூடாது, யாரும் ஆடவும் போகக்கூடாது என்று சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் பெருமையாகத்தான் இருந்தது. மானம் ரோஷம் உள்ள மனுஷனுக்கு வாக்கப்பட்டிருக்கிறோம் என்று நினைத்தேன்.

சத்தியத்தில் ஒரு சங்கதி இருந்தது. மற்ற நான்கு ஆட்டக்காரர்களும் தலைவர் இருந்த தெருக்காரர்கள். எங்கள் தெருவிலிருந்து ஆடுகிறவன் அண்ணன் ஒருவன்தான். ஆகையால் அந்தச் சத்தியம் யார் கழுத்தில் விழுந்தது என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணன் மட்டும் சூடத்தின் மேல் கை வைக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டான்.

புது மேனேஜர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கரி போட்டு ஓடுகிற பஸ்ஸு அது, இறங்கும்போது வெள்ளை பூட்ஸ் கறுப்பு பூட்ஸாக இருந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வந்த அன்றே அவர் போட்ட முதல் உத்தரவு, இனி சாயங்கால பிராக்டீஸ் கிடையாது, விடியற்காலையில்தான் பிராக்டீஸ் என்பது. சாயங்காலம் நம் சீமையில் பொட்டல் காற்று அடிக்கும், கம்பளிப் பந்து இருக்கிற இடத்தில் இருக்காது, காற்று எழாத நேரத்தில்தான் கை படியும் என்றாராம்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் எதற்காக விடியலில் பாவு போடுகிறோமோ அதே காரணத்துக்காக இந்த ஆள் விடியலில் பந்து போடச் சொல்கிறார். அந்த நேரத்தில் தெருவில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் போன வருஷம் அவர் சூழ்ச்சி செய்யவில்லை. எங்களைக் கவிழ்ப்பதற்குக்கூட அவர் எங்களைப் பற்றி நினைத்துப் பார்த்ததில்லை. எட்டு மைல் பத்து மைல் தள்ளி இருந்துகொண்டு, எங்கள் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, அது எப்படி வருகிறது என்று ஒரு நாளும் கேட்காத மனுஷன். வஞ்சகனாக இருந்தால்கூட நான் கொஞ்சம் மதித்திருப்பேன். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்கு ஒன்றும் தெரியாது, ஆள் பெரிய கள்ளன் என்றார்.

அண்ணன் பிராக்டீசுக்குப் போனான். முதல் நாள் விடியலிலேயே போனான். தெருவே பார்க்க, பேட்டைத் தோளில் சாத்திக்கொண்டு, நடுத்தெருவில் நடந்து போனான். ஒளித்துக்கொண்டு போயிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். அன்று மத்தியானம் நான் அவன் வீட்டுக்குப் போய், எதற்கு இந்த வம்பு, இந்த ஒரு வருஷம் பேசாமல் இருந்து தொலையேன் என்றேன். மதினி அடுப்பில் இருந்தபடியே, நானும் அதைத்தான் சொல்கிறேன் என்றாள். அண்ணன் தறியை நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"முட்டி தேஞ்சு போச்சு தாயி. குழியில இருந்து எந்திரிக்கவே கையை ஊண வேண்டியிருக்கு. இந்த வருசம் விட்டா அடுத்த வருசம் ஆட நான் இருக்க மாட்டேன். என் பாவாலதான் அந்தக் கப்பு போச்சு. அதைக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிருதேன். எவன் விசில் ஊதுனா எனக்கென்ன."

அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். திருச்சுழியில் ஒரு தடவை, கடைசி ஆட்டத்தில், நடுவில் நிற்க வேண்டும்.

அடுத்த வாரம் அண்ணன் பாவுக்கு முறை வந்தது. மேனேஜரிடம் முந்தின நாளே சொல்லி ஆள் அனுப்பினான், நாளைக்குப் பாவு, ஒரு நாள் வர முடியாது என்று. எங்கள் வீட்டுக்காரர் அன்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, நாளைக்கு உங்க அண்ணன் பாவுக்கு யாரும் போகப் போவதில்லை, நீயும் போகாதே என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், நாளைக்குச் சந்தைக்குப் போக வேண்டாம் என்பதுபோல.

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. எங்கள் தெருவில் ஒருவரோடு ஒருவர் வெட்டு குத்து என்று பேச்சில்லாமல் இருப்பார்கள், கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள், சாவுக்குக்கூடப் போகாமல் இருந்திருக்கிறார்கள். பாவுக்கு மட்டும் போகாமல் இருந்ததே இல்லை. மனஸ்தாபம் உள்ளவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பான், பேசாமல் பிரஷ் போட்டுவிட்டுப் பேசாமல் போவான். பாவு ஆளுக்கு உரியது இல்லை, நூலுக்கு உரியது என்பார்கள். அந்த வழக்கத்தை ஒரு பந்துக்காக, அதுவும் தாங்கள் ஆடாத பந்துக்காக, இந்தச் சனம் முறித்துப் போட்டது.

நான் போனேன். இவர் சொன்னதைக் கேட்காமல் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனேன். தெருவில் பாவு விரிந்து கிடந்தது. அண்ணன், மதினி, நான். மூன்று பேர் ஒரு முனையில் கஞ்சி தடவி நீவிக்கொண்டு வருவதற்குள் மறுமுனை காய ஆரம்பித்தது. இந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம் ஒட்டியது. தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள், எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது. உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தமும் இருமுகிற சத்தமும் கேட்டன. என் வீட்டுக்காரர் இருமலை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். மனுஷன் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. பாவில் பாதிக்கு மேல் இழை இழையோடு ஒட்டி விறைத்துப்போனது. கண்ட்ரோல் காலத்தில் கிடைத்த நூல் அது. அண்ணன் ஒட்டிய இழைகளை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். பிரிகிற இடத்தில் எல்லாம் அறுந்தது. மதினி தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. மறுநாள் பொட்டலுக்குப் போன அண்ணனிடம் மேனேஜர், டீமில் உன் பேர் இல்லை என்று சொல்லிவிட்டார். சொல்லி அனுப்பினேனே என்றானாம் இவன். சொல்லி அனுப்புவது என்ன டிசிப்ளின், வர முடியாதவனுக்கு டீமில் இடம் கிடையாது என்றாராம். நடுவில் நிற்பதற்குத் தலைவரின் அக்கா மகனைப் போட்டுவிட்டார். அந்தப் பையன் மதுரையில் படித்துக்கொண்டிருந்தவன், நன்றாகத்தான் ஆடுவான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேனேஜருக்குப் போனான் என்று தெரு அண்ணனைக் கைவிட்டது, பாவுக்குப் போனான் என்று மேனேஜர் கைவிட்டார். ஒரு மனுஷனை இரண்டு பக்கமும் இப்படி உதைத்தால் அவன் எங்கே போவான். பேட்டைக் கொண்டுவந்து பரண்மேல் போட்டான்.

நம்மவர்களுக்கு இதில் வெட்கம் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நல்லா வேணும் என்றார்கள். மேனேஜர் காலைக் கழுவப் போனவனுக்குக் கிடைத்த கூலி என்று சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் என் கண் முன்னாலேயே சிரித்தார். அன்றிலிருந்து நான் அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன், பக்கத்தில் உட்காருவதில்லை.

இனித்தான் கூத்து. புது மேனேஜர் வந்த பிறகு டீம் முதல் ஆட்டம் வீரசோழனில் ஆடியது. ஜெயித்தது. அடுத்தது காரியாபட்டியில், அதிலும் ஜெயித்தது. செய்தி வந்த அன்று தெருவில் ஒரு சத்தமும் இல்லை, எல்லா வீட்டிலும் தறி மட்டும் ஓடியது. ரெண்டு நாள் கழித்து, முகம் மழிக்க மாட்டேன் என்றவர் மழுமழுவென்று மழித்துக்கொண்டு வந்து நின்றார். தாடி அரிக்கிறதாம். தறிக்குழி துடைத்த கொடியை அதன் சொந்தக்காரர் சவுக்காரம் போட்டுத் துவைத்து வேலியில் காயப் போட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு விடியலில் வெற்றிலை தீர்ந்துபோக ஆரம்பித்தது. வெற்றிலை வாங்கப் போகிறேன் என்று கிளம்புவார். கடை கிழக்கே, பொட்டல் மேற்கே. இவர் மேற்கே போவார். கேட்டால், அந்த ஆள் டீமை எப்படிக் கெடுக்கிறான் என்று பார்த்துவிட்டு வரத்தான் போனேன் என்றார். தினமும் போய் அதைப் பார்த்தார். ஒரு வாரத்தில் 'அந்த ஆள்' போய் 'மேனேஜர்' ஆனது. இன்னொரு வாரத்தில் 'அவுக' ஆனது. அவுக சொல்ற முறையே தனிதான், அவுக கை வச்சா அது வேற என்று என்னிடமே வந்து சொன்னார். சூடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். அதெல்லாம் ஒரு கோபத்தில் செய்தது என்றார்.

தூ. இவர்களோடு ஒரு தெருவில் இருந்தேனே என்று இருக்கிறது.

திருச்சுழிப் பந்தயம் வந்தது. தெருவில் ஆம்பளை என்று இருந்தவர்கள் எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் போகும்போது துவைத்த கொடியைப் பிடித்துக்கொண்டு வண்டியில் முன்னால் நின்றார். கடைசி ஆட்டம் நடந்த மறுநாள் அண்ணனுக்குப் பாவு. முதலாளி காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிய நூல் அது. இதுவும் போனால் தறியைக் கழற்றி வைத்துவிட்டு அருப்புக்கோட்டையை விட்டே போக வேண்டியதுதான் என்று மதினி என்னிடம் சொன்னாள். முறைப்படி கை கொடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் திருச்சுழியில் இருந்தார்கள். இந்த முறை வஞ்சம் ஒன்றும் இல்லை, ஞாபகமே இல்லை. அதுதான் வித்தியாசம்.

விடியலில் மறுபடியும் நாங்கள் மூன்று பேர். கஞ்சி தடவி முடித்து நீவ ஆரம்பித்திருந்தோம். தெருக்கோடியில் கொட்டுச் சத்தம் கேட்டது. ஜெயித்துவிட்டார்கள். ராத்திரியே கிளம்பி வண்டிகளில் வந்து, ஊர் எல்லையில் இறங்கி, தலைவர் வீட்டுக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். அதற்கு எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். முன்னால் கொட்டு, அடுத்து தலைவர், அவர் கையில் கப்பு. அதற்குப் பின்னால் ஒரு மனுஷன் தோளில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு கழுத்து நிறைய மாலையோடு மேனேஜர். வெள்ளை பூட்ஸ் இரண்டும் சுமந்தவரின் நெஞ்சில் கிடந்தன. சுமந்தவர் என் வீட்டுக்காரர்.

ஊர்வலம் பாவுக்கு முன்னால் வந்து நின்றது. தெரு அகலத்துக்குப் பாவு, ஓரத்தில் ஒற்றை ஆள் போகத்தான் இடம். ஈரப் பாவைத் தூக்கவும் முடியாது, தாண்டவும் எங்கள் ஆட்கள் தாண்ட மாட்டார்கள். கொட்டு நின்றது. தலைவர், கொஞ்சம் ஒதுக்கிக்கலாமே என்றார். யாரும் அசையவில்லை. அண்ணன் குனிந்த தலை நிமிராமல் நீவிக்கொண்டே இருந்தான். கிழக்கே வெளுத்து மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. அந்த முனையில் கஞ்சி வெளிற ஆரம்பித்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள். நெசவுக்காரன் கண்ணுக்கு அது தப்பாது.

நான் கையில் இருந்த பிரஷ்ஷோடு என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றேன்.

"அவுகளை எறக்கி விடுங்க. கை வேணும்."

ஊரார் முன்னால் நான் அவரை ஏவியது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, பாவைப் பார்த்தார். மேனேஜரை இறக்கினார். ஏதோ அரிசி மூட்டையை இறக்குவதுபோல இறக்கினார். அவ்வளவுதான், கொடி ஒரு பக்கம் சாய்ந்தது, கொட்டுக்காரர்கள் ஓரமாகப் போனார்கள், இருந்தவர்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வரிசையில் இறங்கிவிட்டார்கள். கை தன்னால் போகிறது அவர்களுக்கு. இருபது கை முப்பது கை விழுந்ததும் பாவு சரசரவென்று நேரானது. பாவு பிழைத்துவிட்டது. மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு செய்தார்களா. நீவிக்கொண்டே ஆட்டத்தை அண்ணனுக்கு விவரித்தார்கள். எந்தப் பந்து எங்கே விழுந்தது, அக்கா மகன் எப்படி எம்பினான், மேனேஜர் எப்போது என்ன சைகை காட்டினார் என்று ஆளுக்கு ஆள். அவுக வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும், இந்த வருசம் கப்பு நமக்குத்தான்னு என்று ஒருவர் சொன்னார். கொடியில் தறிக்குழி துடைத்தவர்தான். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். நடுவில் நீ நின்றிருக்க வேண்டியது என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய், சொல்லவில்லை.

மேனேஜர் தெரு ஓரத்தில் மாலையோடு தனியாக நின்றிருந்தார். பாவையும் ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அதற்கு முன்னால் பாவு பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பூட்ஸில் கஞ்சி தெறித்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் பக்கத்தில் வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"தலைவரோட அக்கா பையன் மதுரைக்குத் திரும்பிப் போறான். அடுத்தது விருதுநகர்ல மேட்ச். நீதான் நடுவுல நிக்கணும். நாளைக் காலையில பிராக்டீசுக்கு வந்துரு."

எல்லார் கையும் ஒரு நிமிஷம் மெதுவானது. போகிறேன் என்று சொல், சொல் என்று மனசுக்குள் அவனைப் பிடித்து உலுக்கினேன். திருச்சுழி போனால் போகட்டும், விருதுநகர் இருக்கிறதே, முட்டி இன்னும் கொஞ்ச நாள் தாங்குமே.

அண்ணன் பிரஷ்ஷை நிறுத்தாமல் சொன்னான்:

"நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுப் பாவு சார். என் முறை."

மாப்பிள்ளை என்று அவன் சொன்னது என் வீட்டுக்காரரை. நாளைக்குப் பாவு எங்கள் வீட்டுடையது. நான் அதை மறந்தே போயிருந்தேன். எங்கள் பாவு நாசமாகப் போகட்டும், நீ போய் ஆடு என்று கத்த வாய் வந்துவிட்டது. கத்தவில்லை. மேனேஜர், அப்புறம் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் தலை குனிந்து நீவிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, நீ போ மச்சான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை, அவர் வாயிலிருந்து வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அந்த இடத்தில் அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான். வரவில்லை.

அண்ணன் சொன்ன சொல்லை நல்ல குணம் என்று பின்னால் எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன்மேலும் கோபம் கோபமாக வந்தது. உன்னைத் தெருவில் போட்டு மிதித்தவன் பாவுக்கு நீ ஏன் போக வேண்டும், உனக்கு ரோஷம் கிடையாதா என்று அன்று சாயங்காலம் போய்ச் சண்டை போட்டேன். பாவு என்ன செய்தது என்றான். அதற்கு மேல் அவனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை.

மறுநாள் விடியலில் எங்கள் வாசலுக்கு வந்து நின்ற முதல் ஆள் அண்ணன். கருப்பட்டிக் காப்பி போட்டு அவனுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். வீட்டுக்காரருக்குக் கொடுக்கவில்லை. ஆட்கள் வந்தார்கள், பாவு விரிந்தது, கஞ்சி ஏறியது. அண்ணனும் என் வீட்டுக்காரரும் எதிரும் புதிருமாக நின்று பிரஷ் போட்டார்கள்.

பொட்டலில் விசில் ஊதுகிற சத்தம் கேட்டது. பின்னாலேயே பேட்டில் பந்து படுகிற சத்தம். காற்றே இல்லாத காலை, ஒவ்வொரு அடியும் தெரு முழுக்கத் தெளிவாகக் கேட்டது. அண்ணனின் பிரஷ் பாவின் மேல் அப்படியே நின்றது. அவன் தலையைத் தூக்கி மேற்கே பார்த்தான். நான் பார்த்தேன், மதினி பார்த்தாள். எதிரில் நின்ற என் வீட்டுக்காரரும் பார்த்தார். பார்த்துவிட்டு, மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "மச்சான், காயுது" என்றார்.

அண்ணன் குனிந்து நீவினான். அதற்குப் பிறகு அவன் பேட்டைத் தொடவில்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பிள்ளைகள் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். எல்லாவற்றையும் நான் அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். 'காயுது' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் விடவில்லை.